கத்தி வைக்கும் முன் ஒரு படம்: தைராய்டு புற்றுநோயும் ஸ்கேனும்

கண்ணாடி முன் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். கழுத்தின் முன்பக்கம் குரல்வளை மேலே ஏறி இறங்கும். அதற்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயின் மேல் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தைராய்டு சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் இதயத் துடிப்பு, உடல் சூடு, உடல் எடை, தூக்கம், மனநிலை என்று இது தலையிடாத இடமே இல்லை.

இந்தச் சுரப்பியில் கட்டி வருவது ரொம்ப சாதாரணம். விரலால் தடவிப் பார்த்தால் நூறு பெண்களில் ஐந்து பேருக்கும், நூறு ஆண்களில் ஒருவருக்கும் கட்டி தட்டுப்படும். அதே கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். வெவ்வேறு ஆய்வுகளில் நூற்றுக்கு 19 பேர் முதல் 68 பேர் வரை கட்டி இருப்பது தெரிந்திருக்கிறது! இந்தக் கட்டிகளில் நூற்றுக்கு 7 முதல் 15 வரைதான் புற்றுநோய். மற்றதெல்லாம் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பவை.

அப்படியென்றால் கேள்வி இதுதான். கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன்பே, எது புற்றுநோய், எது இல்லை என்று படம் பார்த்துச் சொல்ல முடியுமா? பெருமளவு முடியும். ஆனால் முடிவதால் ஒரு புதிய சிக்கலும் வந்து சேர்ந்திருக்கிறது.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன லாபம்?

தைராய்டு அறுவை சிகிச்சை இன்றைக்குப் பாதுகாப்பானதுதான். 19-ஆம் நூற்றாண்டில் அது கிட்டத்தட்ட உயிரோடு விளையாட்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தியோடர் கோக்கர் என்ற அறுவை நிபுணர் ரத்தம் கொட்டாமல் நிதானமாக அறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே கோக்கர்தான் 1883-இல் இன்னொன்றையும் எழுதினார்: சுரப்பியை முழுதாக எடுத்துவிட்ட நோயாளிகள் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் நாளாக நாளாக மந்தமாகி, உடல் வீங்கி, பழைய ஆளாகவே இல்லை. தைராய்டு எதற்கு என்று உலகம் தெரிந்துகொண்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைக்கு அதற்கு மாத்திரை இருக்கிறது. முழுச் சுரப்பியையும் எடுத்தவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் லீவோதைராக்ஸின் போட வேண்டும், ஆயுள் முழுக்க. அது மட்டும் இல்லை. சுரப்பியின் பின்னால் இரண்டு பக்கமும் குரலுக்கான நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் குரல் கம்மிப் போகும். சுரப்பியின் முதுகில் பயறு அளவில் வழக்கமாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பவை அவை. அவை சேதமானால் விரல் நுனி மரத்துப் போவதும், தசை இழுத்துப் பிடிப்பதும், கால்சியம் மாத்திரையும் கூடவே வரும்.

ஆகவே அறுப்பதா வேண்டாமா, பாதியா முழுசா என்பது சின்ன முடிவு இல்லை. அந்த முடிவுக்கு முன்னால் ஸ்கேன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. இது புற்றுநோயாக இருக்குமா?
2. இருந்தால், எங்கே வரை பரவியிருக்கிறது?
3. இதை இப்போது அறுத்தே ஆக வேண்டுமா?

முதல் இரண்டும் பழைய கேள்விகள். மூன்றாவதைக் கேட்க மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது.

சூடான கட்டி, குளிர்ந்த கட்டி

தைராய்டுக்கு அயோடின் வேண்டும். ரத்தத்தில் வரும் அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தையே துருப்பாக வைத்து வந்ததுதான் முதல் படம். கதிரியக்கம் உள்ள அயோடினைக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, அது கழுத்தில் எங்கே சேர்ந்திருக்கிறது என்று வெளியே இருந்து அளப்பது. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் பெனடிக்ட் காசன் இதற்கென்றே ஒரு தானியங்கிக் கருவி செய்தார். அது கழுத்தின் மேல் வரி வரியாக நகர்ந்து புள்ளிகளாகப் படம் போட்டுக் கொடுத்தது.

அயோடினை அதிகமாக இழுக்கும் கட்டிக்கு 'சூடான கட்டி' என்று பெயர். இழுக்காததற்கு 'குளிர்ந்த கட்டி'. (தொட்டுப் பார்த்தால் சூடு எல்லாம் இருக்காது!) சூடான கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் குளிர்ந்தவை. அப்படியானால் வேலை முடிந்ததே என்று தோன்றும். இல்லை. குளிர்ந்த கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை! அதனால் இந்த ஸ்கேனை இப்போது எல்லோருக்கும் எடுப்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். குறைவாக இருந்து, கட்டியே ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதோ என்ற சந்தேகம் வரும்போது எடுக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் என்ன பார்க்கிறது?

இப்போதைய ராஜா அல்ட்ராசவுண்ட்தான். 1967-இலேயே ஜப்பானிய மருத்துவர்கள் இதைத் தைராய்டில் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, கொஞ்சம் ஜெல் தடவினால் போதும்.

தைராய்டுக்கும் இதற்கும் பொருத்தம் அமைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒலியின் அதிர்வெண் கூடக் கூடப் படம் தெளிவாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பைப் பார்க்கக் குறைந்த அதிர்வெண்தான் சரிப்படும். தைராய்டோ தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் உயர்ந்த அதிர்வெண்ணில் பார்க்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டிகூடத் தப்பாது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மருத்துவர் தேடுவது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. முழுக்க நீர் என்றாலோ, பஞ்சு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகளாக இருந்தாலோ பயம் இல்லை. கெட்டியாக இருந்தால் கவனம்.

இரண்டாவது, அதன் நிறம். சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் சந்தேகம் கூடும்.

மூன்றாவது வடிவம். குறுக்குவெட்டுப் படத்தில் கட்டி அகலத்தைவிட உயரமாக நிற்கிறதா? சாதுவான கட்டி திசுவின் அடுக்குகளை ஒட்டி, படுத்த மாதிரி வளரும். புற்றுநோய் அடுக்குகளை மதிக்காமல் குறுக்கே வளரும், அதனால் நிமிர்ந்து நிற்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நான்காவது, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, கரடுமுரடாக இருக்கிறதா, சுரப்பியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது.

ஐந்தாவது, உள்ளே மணல் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பது. பாப்பிலரி வகைப் புற்றுநோயில் (தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்) நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிவது உண்டு. அந்தப் புள்ளிகள் பல நேரம் அவைதான்.

ஒவ்வொரு மருத்துவரும் தன் பாணியில் ரிப்போர்ட் எழுதினால் குழப்பம்தானே? அதனால் மார்க் போடும் முறை வந்தது. டைராட்ஸ் என்று பெயர். 2009-இல் சிலி நாட்டு மருத்துவர்கள் இதை முன்வைத்தார்கள். பிறகு நாட்டுக்கு நாடு ஒரு வடிவம் வந்தது. அமெரிக்கக் கதிரியக்க நிபுணர்கள் சங்கத்தின் வடிவம் 2017-இல் வெளியானது. அதில் கெட்டியான கட்டிக்கு 2 புள்ளி, கறுப்பாக இருந்தால் 2, நிமிர்ந்து நின்றால் 3, மணல் புள்ளிகளுக்கு 3. இவை எல்லாம் ஒரே கட்டியில் இருந்தால் மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் என்றால் மிகவும் சந்தேகத்துக்குரிய ஐந்தாம் வகுப்பு. பரீட்சைக்கு நேர்மாறு, இங்கே பூஜ்யம் வாங்கினால்தான் சந்தோஷம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புக் கட்டியாக இருந்தாலும் 1 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஊசி போட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறது அந்த விதி. நான்காம் வகுப்புக்கு அளவு 1.5 சென்டிமீட்டர், மூன்றாம் வகுப்புக்கு 2.5. 'புற்றுநோயாக இருக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு ஏன் விடுகிறீர்கள்?' என்று கேட்கத் தோன்றும். பதில் கொரியாவில் இருக்கிறது. அதற்கு முன் ஊசியையும் மற்ற ஸ்கேன்களையும் முடித்துவிடலாம்.

படம் முடிவு சொல்லாது

அல்ட்ராசவுண்ட் சந்தேகம்தான் சொல்லும். முடிவுக்கு அருகில் கொண்டுபோவது மெல்லிய ஊசிப் பரிசோதனை. படத்தில் ஊசியின் நுனியைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முடிவை 'பெதஸ்தா' என்ற முறையில் ஆறு வகுப்பாகப் பிரிப்பார்கள். இரண்டு என்றால் சாது, ஆறு என்றால் புற்றுநோய். நடுவில் உள்ள மூன்றும் நான்கும்தான் நோயாளியைத் தூங்க விடாதவை.

ஏன் இந்த நடு வகுப்புகள்? ஃபாலிக்குலர் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சாதுவான கட்டியின் செல்லும் புற்றுநோயின் செல்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம், கட்டியைச் சுற்றியுள்ள உறையை அல்லது ரத்தக்குழாயைத் துளைத்திருக்கிறதா என்பதில்தான். உறிஞ்சி எடுத்த நாலு செல்லில் உறை எங்கே தெரியும்? கட்டியை முழுதாக எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆக, சிலருக்கு நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே அறுவை சிகிச்சைதான். அந்தக் கூட்டத்தைக் குறைப்பதற்காக இப்போது செல்களின் மரபணுவையும் சோதிக்கிறார்கள்.

புற்றுநோய் என்று முடிவானால் கழுத்தை மறுபடி அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். இந்த முறை தேடுவது நிணநீர் முடிச்சுகளை. ஆரோக்கியமான முடிச்சு அவரை விதை மாதிரி நீளவாக்கில் இருக்கும். நோய் பரவிய முடிச்சு உருண்டு திரண்டு, சில நேரம் நீர் கோத்து, சில நேரம் அதே மணல் புள்ளிகளோடு தெரியும். பக்கவாட்டு முடிச்சில் நோய் இருப்பது முன்பே தெரிந்தால் ஒரே அறுவையில் அதையும் எடுத்துவிடலாம். தெரியாமல் போனால் தழும்பு ஆறிய கழுத்தை மறுபடி திறக்க வேண்டும். குரல் நரம்புக்கு ஆபத்து அதிகம் இந்த இரண்டாவது தடவையில்தான்.

கட்டி பெரிதாகி மூச்சுக்குழாய், உணவுக்குழாய் பக்கம் போயிருந்தாலோ, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தாலோ சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். எலும்பின் நிழலைத் தாண்டி அல்ட்ராசவுண்டால் பார்க்க முடியாது. சி.டி.க்குப் போடும் சாய மருந்தில் அயோடின் இருப்பதால், பின்னால் கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்பட்டால் அதைச் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டி வரும். பெட் ஸ்கேன் வேறு நோய்க்காக எடுத்தபோது தைராய்டில் ஒரு புள்ளி ஒளிர்வது உண்டு. அப்படி ஒளிர்பவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றுநோய். அதை அலட்சியம் செய்யக்கூடாது.

கொரியாவில் நடந்தது

தென்கொரிய அரசு 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மார்பகம், கருப்பைவாய், வயிறு முதலியவற்றுக்கான திட்டம். தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் 'கூட 30 முதல் 50 டாலர் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம்' என்று மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் சொல்லின. சின்னத் தொகை, வலி இல்லை, ஐந்து பத்து நிமிட வேலை. யார் வேண்டாம் என்பார்கள்?

2011-இல் அந்நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். நாட்டிலேயே அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் அதுவே ஆனது. ஆனால் அதனால் இறப்பவர்கள் எத்தனை பேர்? ஆண்டுக்கு 300 முதல் 400 பேர். பரிசோதனை பரவுவதற்கு முன்பு இருந்த இறப்பு விகிதம் அப்படியே இருந்தது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றியிருந்தால் இறப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. உண்மையிலேயே நோய் பெருகியிருந்தால் இறப்பு கூடியிருக்க வேண்டும். கூடவும் இல்லை. மிஞ்சுவது ஒரே விளக்கம்தான்: ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளை மெஷின் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா விடவும் மனசு வரவில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை, அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முழுச் சுரப்பியும் போனது. அறுவை செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது நூற்றுக்கு 11 பேருக்குப் பாராதைராய்டு பாதிப்பு, நூற்றுக்கு 2 பேருக்குக் குரல்நாண் செயலிழப்பு.

இந்தக் கணக்கில் ஒரு கண்கட்டு வித்தையும் ஒளிந்திருக்கிறது. உதாரணத்துக்கு ஓர் ஊரில் 100 பேருக்குப் புற்றுநோய், அதில் 10 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்போர் 90 சதவீதம். இப்போது ஸ்கேன் வைத்து, ஒன்றும் செய்யாத கட்டி உள்ள 900 பேரைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். மொத்தம் 1,000 பேர். இறப்பவர் அதே 10 பேர். பிழைப்போர் 99 சதவீதம்! 'பார்த்தீர்களா, சிகிச்சை எவ்வளவு முன்னேறிவிட்டது' என்று விளம்பரம் கொடுக்கலாம். ஒரே ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை.

2014 மார்ச்சில் கொரிய மருத்துவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பத்திரிகைகளில் விவாதம் சூடு பிடித்தது. ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன.

இறந்தவர்கள் சொன்ன சாட்சி

இது யாருக்கும் முன்பே தெரியாத விஷயமா? தெரியும். 1985-இலேயே பின்லாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுச் சுரப்பிகளை 2, 3 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கிப் பார்த்தார்கள். 36 பேருக்குள் பாப்பிலரி புற்றுநோய் இருந்தது! மூன்று பேரில் ஒருவருக்கு மேல். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அது தெரியாது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

கத்தியால் நறுக்கிப் பார்த்தால் தெரிந்ததை, பிறகு வந்த கூர்மையான அல்ட்ராசவுண்ட் நறுக்காமலே காட்டத் தொடங்கியது. அவ்வளவுதான் நடந்தது.

கோபேயில் காத்திருந்தவர்கள்

ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை தைராய்டுக்குப் பெயர் போனது. அங்கே அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர் 1993-இல் ஒரு யோசனை சொன்னார்: 1 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான, அபாய அறிகுறி இல்லாத பாப்பிலரி புற்றுநோயை உடனே அறுக்க வேண்டாம், அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். வளர்ந்தால் அறுப்போம். அறுப்பதையே தொழிலாகக் கொண்டவர் சொன்ன யோசனை இது!

2014-இல் 1,235 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு. நிணநீர் முடிச்சில் புதிதாகத் தெரிந்தது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு அப்போது அறுவை செய்தார்கள், தாமதித்ததால் அவர்களுக்குக் கேடு வரவில்லை. இன்னொரு ஆச்சரியம்: வயதானவர்களுக்குத்தான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களின் கட்டிகள்தான் மிகக் குறைவாக வளர்ந்தன. 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கே கூடுதல் கவனம் தேவைப்பட்டது.

இங்கே ஸ்கேன் வில்லன் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொரியாவில் தேவையில்லாத அறுவைக்கு வழி திறந்ததும் அல்ட்ராசவுண்ட்தான். கோபேயில் தேவையில்லாத அறுவையைத் தடுத்துக்கொண்டிருப்பதும் அதே அல்ட்ராசவுண்ட்தான். ஓர் இடத்தில் அறிகுறியே இல்லாதவர் கழுத்தில் நோய் தேடியது. இன்னோர் இடத்தில் தெரிந்த கட்டியைப் பொறுமையாகக் காவல் காத்தது.

அப்படியானால் பயமே வேண்டாமா?

அப்படியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. குரல் நரம்பையோ மூச்சுக்குழாயையோ ஒட்டிய கட்டி, முடிச்சுக்குப் பரவிய கட்டி, செல்களிலேயே மூர்க்கம் தெரியும் கட்டி இவற்றைக் காத்திருந்து பார்ப்பதில்லை. மெடுல்லரி என்ற வகை பரம்பரையாக வரக்கூடியது, அனாபிளாஸ்டிக் என்ற வகை அபூர்வமானது, ஆனால் படுவேகமானது. சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்கள் தனிக் கணக்கு. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக் குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் உண்மையாகவே கூடியது.

கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், வேகமாக வளர்ந்தால், கல் மாதிரி கெட்டியாக இருந்தால், குரல் மாறி வாரக்கணக்கில் சரியாகாமல் இருந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கு ஸ்கேன் அவசியம். எந்தத் தொந்தரவும் இல்லாத, அபாயக் காரணம் எதுவும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் தேடிப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2017-இல் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் முரண் இல்லை.

நடைமுறையில், 'முழு உடல் பரிசோதனை' தொகுப்பில் கழுத்து ஸ்கேனும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் '7 மில்லிமீட்டர் கட்டி' என்று ஒரு வரி. வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடுவதில்லை. அந்த நிலையில் இருப்பவர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கட்டியின் அளவு என்ன, டைராட்ஸில் எந்த வகுப்பு? இந்த அளவுக்கு ஊசிப் பரிசோதனை தேவையா? கழுத்து முடிச்சுகளைப் பார்த்தீர்களா? புற்றுநோய் என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கலாமா? அறுவை வேண்டும் என்றால் பாதி போதுமா, முழுதும் எடுக்க வேண்டுமா, ஏன்?

'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டதும் உடனே எடுத்து எறிந்துவிட வேண்டும் என்று மனசு பதறும். அது இயல்பு. ஆனால் தைராய்டில் பெரும்பாலான சிறு கட்டிகளுக்கு அவசரம் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கவும், இன்னொரு டாக்டரிடம் காட்டி யோசிக்கவும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.